பொறுத்து வாசித்தவர்கள்

பெரியநீலாவணையில் பஸ் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு காரைதீவு வரை வந்தாலும், எந்த ஊரைக் கடக்கிறோம் என்று காதாலேயே சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. மருதமுனை என்றால் தறிச்சத்தம். சாரன் நெய்யும் தறிகள் வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருக்கும். புரட்டாதி மாதமாயிருந்தால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உடுக்கொலி பஸ்ஸுக்குள் ஏறி வரும். கல்முனைப் பஸாருக்குள் நுழைந்ததும் ரெக்கோடிங் பார்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருக்கும்: ஒன்றில் நாகூர் ஹனிபா, அடுத்ததில் டி.எம்.எஸ்., அதற்கடுத்ததில் சிங்கள பைலா. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கழிந்து காரைதீவு வருகையில், வைகாசியானால், கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை பாடும் குரல். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் மாறிமாறி வரும் கரை இது. எல்லைக்கல் எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எந்த ஊரில் யாருடைய கை தபேலாவுக்குப் பேர்போனது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். இன்று அதே வழியில் போகிற பஸ்ஸின் உள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறது. ஏறும்போது தொடங்கிய பாட்டுத் தொகுப்பு இறங்கும்வரை ஓடுகிறது. வசதிதான், ஆனால் ஊர்கள் வெளியே நின்றுவிடுகின்றன.

எழுபதுகளின் பிற்பகுதியில் எங்களுக்கு ஒரு கோஷ்டி இருந்தது. உங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் ஒன்று இருந்திருக்கும். பெயர்ப்பலகை எழுதிய பையன்தான் பெரும்பாலும் அதில் பாடகனாகவும் இருந்திருப்பான். எங்கள் கோஷ்டியில் ஒருவரிடமும் முழுதாக எதுவும் இல்லை. ஆர்மோனியப் பெட்டி காரைதீவு வாத்தியார் ஒருவருடையது. தபேலா பாண்டிருப்பு அண்ணனுடையது. பொங்கஸ், எங்களுக்குப் பாடிப் பழக இடம் தந்த தையல்கடைக் காக்காவின் சொத்து. கிட்டார் யாருடையது என்பதில் கடைசிவரை தகராறு இருந்தது. அதில் அறுந்துபோன கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் வயரின் ஒரு இழையைப் பிரித்துக் கட்டியிருந்தோம். மைக் செட் வாடகைக்கு. அதைக் கொண்டுபோகும் வண்டி இரவல். அந்த வண்டிக்காரர் பாட்டுக் கேட்க வருவதால் கூலி கேட்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை இரவுகளில் தையல்கடையின் பலகைகளை அடைத்துவிட்டு உள்ளே உட்காருவோம். வெட்டுத் துணிகள் காலடியில் கிடக்கும். ஆர்மோனிய வாத்தியார் சுருதி சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் தங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளை ஒருமுறை நினைப்பார். வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களுக்குள் தேடித் தேடி, கணக்குப் போட்டு, 1947இல் யாழ் நூலை வெளியிட்டுவிட்டு அந்த ஆண்டே கண்மூடிய மனிதரின் ஊர்க்காரர் அவர். பிரேக் வயர் கட்டிய கிட்டாரைச் சுருதி சேர்க்கவும் அதே பொறுமை வேண்டும் என்பார். சுருதி சேர்வதற்குள் யாராவது பிளேன்டீ வாங்கிவரப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை பாட்டுத் தொடங்காது. அந்தக் காத்திருப்பு நேரத்தில் பேசிய கதைகளைத்தான் இன்று பாட்டுகளைவிட அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கரைக்கும் தமிழ்ப் பொப்பிசைக்கும் ஒரு உறவு உண்டு. இளையவர்கள் பலர் அறிவதில்லை. வயல்களுக்கு அப்பால், மேற்கே, அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் அறுபதுகளில் படித்தவர்தான் நித்தி கனகரத்தினம். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணப் பேச்சுத்தமிழில், சபையைச் சேர்த்துப் பாடவைக்கும் பாட்டுகளைச் செய்தவர். பிறகு ஏ.ஈ. மனோகரன் வந்தார், சுராங்கனி கடல் கடந்து தமிழ்நாட்டையே ஆட்டியது. அதுவரை சென்னையிலிருந்து வந்த இசைத்தட்டை அப்படியே பிரதி செய்வதுதான் திறமை என்று நம்பியிருந்த எங்களுக்கு, நம்முடைய பேச்சிலேயே பாட்டு வைக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். மறுநாளே எங்கள் மாமிமாரைப் பற்றியும் வட்டை விதானையைப் பற்றியும் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டோம். அந்தப் பாட்டுகள் எங்கும் பதிவாகவில்லை. தையல்கடைச் சுவருக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும்.

கலியாண வீடுகள்தான் எங்கள் மேடை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஊர்வலம் வரும். முன்னால் பொல்லடிக் குழு வட்டமாகச் சுற்றிவந்து பொல்லோடு பொல்லைத் தட்டி ஆடும்; அண்ணாவியார் நடுவில் நின்று அடியெடுத்துக் கொடுப்பார். றபான் ஒலிக்கும். வாசலில் பெண்கள் குரவை போடுவார்கள். கடைசியில்தான் நாங்கள், ஓலைப்பந்தலின் மூலையில், கூம்பு ஒலிபெருக்கியைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டு, மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டு நிற்போம். பொல்லடிக்காரர் எங்களைப் புதுநாகரிகம் என்று முறைப்பார்கள். அடுத்த கலியாணத்தில் அவர்களுடைய றபான்காரருக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் பொங்கஸ் போய்விடும். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரவு ஒரு சஹனைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். மாட்டிறைச்சி சாப்பிடாத பாண்டிருப்பு அண்ணனுக்காகத் தனியாகக் கோழி ஆக்கி வைக்காத வீட்டை நான் கண்டதில்லை. “அண்ணனுக்கு வெச்சாச்சா?” என்று உள்ளேயிருந்து ஒரு உம்மா கேட்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் வந்தால் கலியாண வீடுகளெல்லாம் சின்னவையாகிவிடும். நாகூர் ஆண்டகையின் நினைவாக, ஜமாதுல் ஆகிர் பிறை கண்டு, பன்னிரண்டு நாள். எங்கிருந்தெல்லாமோ பக்கீர்மார் வந்து கூடுவார்கள். தாயிரா அடித்து றாத்திபு ஓதும்போது கடலின் இரைச்சலும் அதே தாளத்துக்கு வருவதுபோல் இருக்கும். மஸ்கத்தும் தொதலும் விற்கும் கடைகளுக்கிடையே, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாடலாம், யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம். டிக்கட் இல்லை, அழைப்பிதழ் இல்லை. அங்கேதான் ஒரு முதிய பக்கீர் பாவா எங்கள் பொங்கஸ்காரனைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்: “பாடுறவனுக்கு மூச்சு முட்டினா நீ ஓடாத மனே. நின்டு குடு. அவன் வந்து சேரட்டும்.”

நான் அறிந்த இசையிலக்கணம் இவ்வளவுதான். எங்கள் பாடகன் வரியை மறந்துவிடுவான். மறந்தால், தபேலா அதே இடத்தில் நின்று உருளும், ஆர்மோனியம் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஞாபகம் வரும்வரை எல்லோரும் பொறுத்து வாசிப்பார்கள். சபைக்குத் தெரியாது. தெரிந்தாலும் கைதட்டும்.

1985 சித்திரையில் காரைதீவில் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 1990இல் அதைவிட மோசமான நாட்கள் வந்தன. எல்லைக்கல் எங்கே என்று தெரியாதிருந்தவர்களுக்கு அது எங்கே என்று காட்டப்பட்டது. அதைப் பற்றி விரிவாக எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பாதை அடைபட்ட அன்று, எங்களில் ஒவ்வொருவருடைய பொருளும் இன்னொருவரின் ஊரில் இருந்தது. இரவல் வாங்கி வாழ்ந்தவர்கள் அல்லவா? பாண்டிருப்பு அண்ணனின் தபேலா எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே. எங்கள் பொங்கஸ் காரைதீவு வாத்தியாரின் வீட்டில். வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் உம்மா ஒவ்வொரு பெருநாளைக்கும் வீட்டைத் துடைக்கும்போது அந்தத் தபேலாவையும் இறக்கித் துடைத்து, மாரிக்கு ஈரம் படாமல் பழைய சாரனில் சுற்றி வைத்தார். “அது மத்தவண்ட அமானிதம்” என்பார். 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்து மனிதர்கள் மெல்ல நடமாடத் தொடங்கியபோது அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். அண்ணன் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தபேலாவைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் “வாங்க தம்பி” என்றார். இருவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் அதிக உயிர்கள் போனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். கடற்கரையோர ஒழுங்கைகளில் இருந்த வீடுகள் அடியோடு போயின. எங்கள் பாடகன் போனான். வரிகளை மறக்கிற எங்கள் பாடகன்.

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. இசை கூடுமா கூடாதா என்ற கேள்வி ஊரில் வலுத்தது. மார்க்கத்தை அக்கறையோடு படித்துக் கேட்கிறவர்களின் கேள்வி அது. அதை நான் மதிக்கிறேன். கலியாணங்கள் எளிமையானதில் ஏழைத் தகப்பன்மாருக்கு நிம்மதி கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் கோஷ்டியோடு சேர்ந்து குரவையும் போனது, பொல்லடியும் வீதியிலிருந்து போனது. பொல்லடி இப்போது கலாசார விழா மேடையில், பிரதம விருந்தினர் வந்திறங்கும்போது, வரிசையாக நடந்து வருகிறது. ஆட்டக்காரருக்கு ஒரே நிறத்தில் உடுப்பு, முடிந்ததும் சான்றிதழ். அண்ணாவியார் ஒருவர் பொன்னாடையோடு நிற்பதைப் பார்க்கையில் மனம் நிறைகிறது. அவருக்கு அந்த மரியாதை எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் வட்டமாக ஆடவேண்டிய ஆட்டம் கமராவுக்காக ஒரு பக்கம் திறந்து அரைவட்டமாகிவிட்டதே என்று கண் தேடுகிறது.

பாட்டு வைக்கிற கலியாணங்களுக்கு இன்று ஒரே ஆள் வருகிறார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு கீபோர்ட், பையில் ஒரு பென்டிரைவ். தபேலா, பொங்கஸ், வயலின், கோரஸ் எல்லாம் அதற்குள். தாளம் அச்சொட்டாக இருக்கிறது. சுருதி பிசகுவதில்லை. பிளேன்டீ வாங்கப் போனவருக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் மூன்று ஊரில் அலைந்து திரட்டியதை அந்த மனிதர் ஒரு தோளில் சுமந்துவருவதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும். சாப்பாட்டு நேரத்தில்தான் சங்கடமாக இருக்கும். அவர் தனியே ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு நிகழ்ச்சிக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

ஆனாலும் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் காலத்தில் பெண்களின் பாட்டு, வேலிக்கும் அடுப்படிக்கும் உள்ளேயே இருந்தது. எங்கள் கோஷ்டி மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியை விட அந்தக் கவிகள் மேலானவை. தாலாட்டும் காதலும் பிரிவும் கிண்டலுமாக மூத்தம்மாமார் பாடியவற்றை, நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊரூராகப் போய்க் கேட்டு, எழுதிப் புத்தகமாக்கியிராவிட்டால் எவ்வளவோ மண்ணோடு போயிருக்கும். இன்று ஒரு பேத்தி, வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, மூத்தம்மாவின் கவியைத் தன் குரலில் போனில் பதிந்து, டோஹாவில் வேலைசெய்யும் மாமாவுக்கு அனுப்புகிறாள். அவர் அதை அறைத்தோழர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். இதை எந்த ரெக்கோடிங் பாரும் செய்ததில்லை.

2022 பங்குனிக் கடைசியில், ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லாத நாட்களில், சனமெல்லாம் வெக்கை தாங்காமல் முற்றத்துக்கும் கடற்கரைக்கும் வந்து உட்கார்ந்தது. போன்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ ஒரு பையன் தண்ணிக்கானைக் கவிழ்த்துத் தட்ட, இன்னொருவன் பாடினான். அந்தப் பையன்கள்தான் இப்போது சாய்ந்தமருதில் ஒரு டியூஷன் கொட்டிலில், வகுப்பு முடிந்த பிறகு கூடுகிறார்கள். ஒரு கிட்டார், உட்கார்ந்து தட்டுகிற ஒரு மரப்பெட்டி, இரவல் மைக் ஒன்று. தாளத்துக்கு எதற்கு ஆள், போனிலேயே இருக்கிறதே என்று கேட்டேன்.

“போன் நமக்காக நிக்காதே காக்கா” என்றான் பாடுகிற பையன். “நான் பிழைவிட்டா அது பாட்டுக்குப் போயிரும்.”

அதனால் பாண்டிருப்பிலிருந்து ஒரு பையனைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அண்ணனிடம் பழகியவன். கை நன்றாக இருக்கிறது, கொஞ்சம் அவசரம். நான் போன அன்று பாட்டைவிட, அவனுடைய ஆட்டோக் காசை இந்தக் கிழமை யார் கொடுப்பது என்ற வாக்குவாதம்தான் நீளமாக நடந்தது. கிட்டார்க்காரன் போனகிழமை தான் கொடுத்ததாகச் சத்தியம் பண்ணினான். மற்றவர்கள் ஒருவரும் நம்பவில்லை.