சக்கரம் தரையைத் தொட்ட பிறகு

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்பக்க சஸ்பென்ஷனுக்குப் புது புஷ் போடுகிறேன். ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டுகளை முழுக்க இறுக்கலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: கூடாது. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த வண்டி அது. நம் மண்ணின் சொத்து, அவசரப்பட்டுக் கெடுக்காதீர்கள். புஷ்ஷின் உள் இரும்புக் குழாயை போல்ட் இறுகப் பிடிக்கிறது. வெளிப்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்மோடு அசைகிறது. நடுவிலுள்ள ரப்பர்தான் அந்த அசைவுக்கேற்ப முறுக்கி மீள்கிறது. ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையிறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கழுத்தைத் திருப்பியபடி தூங்கினால் சுளுக்குமே, அதே கதைதான்! அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் கூடுதலாக முறுக்க, ரப்பர் சீக்கிரமே கிழியும். வண்டியின் உயரமும் மாறி நிற்கும்.

“ஜாக்கியிலேயே இறுக்கிய வண்டிகளும் ஓடுகின்றனவே?” என்பீர்கள். ஓடும்; ரப்பரின் ஆயுள்தான் குறையும். “கீழே இறக்கினால் ஸ்பானர் நுழையாதே?” என்றால், சக்கரங்களைச் சரிவுமேடையில் ஏற்றுங்கள், பாரம் சக்கரத்தில் இருந்தால் போதும். முதலில் நட்டுகளைக் கையிறுக்கமாக வையுங்கள். வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு முறை அழுத்திவிட்டு, டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். கடைசியாக வீல் அலைன்மென்ட். அரை மணி நேரப் பொறுமை, பல வருட நிம்மதி.