துப்பறிவாளனின் பாராட்டு மடல்

பெறுநர்: நிர்வாகத்தார், ஜெனரல் மோட்டார்ஸ், டெட்ராய்ட், அமெரிக்கா.

பொருள்: தொழில் நுணுக்கம் கற்றுத்தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 3 விநாடிக்கு ஒருமுறை தாங்கள் வாடிக்கையாளர்மேல் வைத்த பார்வை.

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

அடியேன் தனியார் துப்பறிவாளன். ஒரு காரைப் பின்தொடர வேண்டுமென்றால் கைக்காசில் பெட்ரோல் போட்டு, சிக்னலில் கோட்டைவிட்டு, தெருமுனையில் கால்கடுக்க நின்று, கடைசியில் கூலிப் பாக்கிக்கும் நடையாய் நடக்க வேண்டும். தாங்களோ பின்தொடரப்படுகிறவரிடமே காருக்கு விலையும் வாங்கி, அவர் போய்வந்த விவரத்தை அடுத்தவருக்கு விற்றும் காசு பார்த்திருக்கிறீர்கள். இந்த வழி எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

மாறுவேடத்திலும் தாங்களே மன்னர். எனக்கு ஒட்டுமீசை பாதி வழியில் கழன்றுவிடும். தாங்கள் ‘ஆன்ஸ்டார் ஸ்மார்ட் டிரைவர்’ என்று பெயர்சூட்டி, நன்றாக வண்டி ஓட்டப் பழக்கும் திட்டம் என்று சொல்லி ஆள் சேர்த்தீர்கள். யார் வேகமாகப் போனார், யார் சடன் பிரேக் போட்டார், யார் நள்ளிரவில் வண்டி எடுத்தார் என்ற கணக்கெல்லாம் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் முதலிய தரவு நிறுவனங்கள் வழியாக இன்சூரன்ஸ்காரர் மேசைக்குப் போனது.

சியாட்டில் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் பிரீமியம் 21 சதவீதம் ஏறியது. காரணம் தேடி லெக்சிஸ்நெக்சிஸிடம் கேட்டவருக்கு 258 பக்க அறிக்கை வந்தது. ஆறு மாதத்தில் அவரும் மனைவியும் போன 640 பயணங்கள், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், தூரம் உட்பட அதில் இருந்தன. என் வாழ்நாளில் நான் எழுதிய அறிக்கைகளை அடுக்கினாலும் அந்தக் கனம் வராது. ஒரே ஒரு குறை: பிரேக் போட்டது ஏன் என்று உங்கள் இயந்திரம் கேட்பதில்லை. குறுக்கே ஓடிவந்த பிள்ளையைக் காப்பாற்றியவரும் அதன் கணக்கில் முரட்டு ஓட்டுநர்தான்.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியதும் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே திட்டத்தையும் கைவிட்டீர்கள். தாங்கள் தனியாள் இல்லை என்பது ஆறுதல்: 2023-ல் மொசில்லா அறக்கட்டளை ஆராய்ந்த 25 கார் பிராண்டுகளும் அந்தரங்கப் பாதுகாப்பில் தோற்றன. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, இத்தகைய தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குத் தர உங்களுக்கு 5 ஆண்டுத் தடை போட்டது. என்மேல் இப்படியொரு புகார் வந்தால் கடையையே மூடியிருப்பார்கள். உங்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

தொழில்முறையில் ஒன்று உறுத்துகிறது. எனக்குக் காசு கொடுப்பவர், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறார். உங்களுக்குக் காசு கொடுத்தவரோ, தாம் வேவு பார்க்கப்பட்டதை இன்சூரன்ஸ் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. ஆகவே, தடை முடிந்தபின் மறுபடி கடை விரிப்பதானால், பக்கம் பக்கமான ஒப்பந்தத்துக்குள் ஒளித்துவைத்துச் சம்மதம் வாங்காதீர்கள். சாவியைக் கொடுக்கும்போதே, “நீங்கள் போகிற வருகிற விவரத்தை விற்கலாமா?” என்று ஒரே வரியில் கேளுங்கள். வேண்டாம் என்றால், காரை மட்டும் விற்றுவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிழைப்பு போன துப்பறிவாளன்