மொன்றியாலில் நிம்மதியாகச் சண்டை பிடிப்பது எப்படி?

புது ஊருக்குக் குடிவந்த கணவனும் மனைவியும் முதல் சனி ஞாயிறைச் சண்டையில்லாமல் கழிக்க ஆசைப்படுவது பேராசை. மொன்றியாலில் அது நடவாது. ஊரின் அமைப்பே அப்படி. எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று வெள்ளிக்கிழமை இரவே பேசி வைத்துக்கொண்டால் மிச்சப் பொழுதெல்லாம் ஓய்வுதான்.

முதல் சண்டைக்கு வடக்குத் திசையை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வூரார் சென் லோரன்ஸ் ஆற்றங்கரையைத் தெற்கு என்று வைத்துத் திசை சொல்பவர்கள். ஆறோ இந்த இடத்தில் வளைந்து வடக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே தெருப்பலகையின் 'வடக்கு' உண்மையில் வடமேற்கு. குளிர்காலத்தில் சூரியன் 'தெற்கில்' உதிப்பான். கணவர் போனில் திசைகாட்டியைத் திறப்பார். "இஞ்சேருங்கோ, பலகையில எழுதியிருக்கிறதை வாசியுங்கோவன்" என்று மனைவி சொல்வார். இரண்டு பேரும் சரி. தோற்பவரே இல்லாத சண்டை வேறெந்த ஊரில் கிடைக்கும்? கிழக்கு வாசல் வீடு தேடுகிறவர்களுக்கு இன்னொரு நற்செய்தி: இங்கே கிழக்கு என்று விற்கப்படுவது வடகிழக்கு, அதாவது சாட்சாத் ஈசானிய மூலை. ஊரிலிருக்கும் மாமியாருக்கு இதை உடனே தெரிவித்துவிடவும்.

அடுத்தது கார் நிறுத்துவது. ஒரே கம்பத்தில் மூன்று நான்கு பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி, கிழமை, மணி, மாதம், எல்லாம் பிரெஞ்சில். மேல் பலகை தந்ததைக் கீழ்ப் பலகை பறித்துவிடும். ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர் காரை விட்டு இறங்கக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. ரிக்கற் வந்தால் வாசித்தவர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டுக்கு மனமில்லாதவர்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் போகலாம். 1966இல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலுக்கு ரப்பர் சக்கரம். பாதை முழுக்க நிலத்துக்குக் கீழே. தமிழில்தானே சண்டை, யாருக்கு விளங்கப் போகிறது என்று மட்டும் நம்ப வேண்டாம். கோத் டெ நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போகும் பெட்டியில், முன் இருக்கை அம்மா தன் ஸ்டேஷன் வந்ததும் எழும்பி, "தம்பி, பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்குவார்.

கடைக்குள் நுழைந்தால் 'போன்ஜூர், ஹாய்' என்பார்கள். அந்த 'ஹாய்' வேண்டாம், 'போன்ஜூர்' போதும் என்று கியூபெக் சட்டமன்றம் 2017இல் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. பல கடைகள் இன்னும் விட்டபாடில்லை. நீங்கள் எதைத் திருப்பிச் சொல்கிறீர்களோ அந்த மொழியில்தான் மேற்கொண்டு வியாபாரம். பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் கணவர் கம்பீரமாக 'போன்ஜூர்' சொல்வார். பிறகு வரும் கேள்விக்கு மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது சிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சிரிக்கலாம்.

பேகல் விஷயத்தில் சமரசமே வேண்டாம். தேன் கலந்த தண்ணீரில் அவித்து விறகடுப்பில் சுட்டெடுக்கும், ஓட்டை பெருத்த உழுந்து வடை போன்ற இந்தப் பண்டத்துக்கு மைல் எண்ட் பகுதியில் இரண்டு கட்சிகள்: ஃபேர்மவுண்ட், சென் வியாத்தர். கடைகள் இரண்டும் கூப்பிடு தூரம். ஆளுக்கொரு கடையில் வரிசை பிடித்து, ஆளுக்கொரு பை வாங்கி, நடந்துகொண்டே சாப்பிடுங்கள். மற்றவரின் பையிலிருந்து எடுப்பவர் கட்சி மாறியவராகக் கருதப்படுவார். பூட்டின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உருளைக்கிழங்குப் பொரியல், கட்டிச் சீஸ், மேலே குழம்பு. விரதகாரர் குழம்பில் இறைச்சிச் சாறு உண்டா என்று முதலிலேயே கேட்கவும்.

ஞாயிற்றுக்கிழமை மலை. மோன் ரோயாலின் உயரம் 233 மீற்றர்தான். மலை என்று சொன்னால் மலைநாட்டார் சிரிப்பார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை அமைத்தவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட் வடிவமைத்த பூங்கா, 1876இல் திறந்தது. குதிரை வண்டியும் மூச்சு வாங்காமல் ஏறட்டும் என்று அவர் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார். கணவர்கள் மரப்படியால் குறுக்கே ஏறப் பார்ப்பார்கள். ஏறட்டும். நீங்கள் பாதையாலேயே போங்கள். உச்சியில் பேச மூச்சிருப்பவர் நீங்கள்தான். கோடை என்றால் அடிவாரத்தில் கார்ட்டியே சிலையடியில் ஆட்கள் கூடி மத்தளம், ட்ரம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் முழக்குவார்கள். தாளம் பிசகுகிறது என்று யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம்.

மலையின் மறுபக்கம் புனித சூசையப்பர் திருத்தலம். நம் சைவர்களும் மெழுகுதிரி கொளுத்தும் இடம். 283 படிகள், நடுவில் 99 மரப்படிகள் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும். படி ஏறும்போது சண்டை தானாக நின்றுவிடும். அதைச் சமாதானம் என்று எண்ணிவிட வேண்டாம், அது இளைப்பு.

இவ்வளவையும் சரிவரச் செய்து வீடு திரும்பியிருந்தால் ஞாயிறு இரவு ரொறொன்ரோவிலிருந்து அழைப்பு வரும். "எப்பிடி ஊர்?" என்று பெரியம்மா வீட்டார் ஸ்பீக்கரில் கேட்பார்கள். இந்த இடத்தில் இருவரும் ஒரே குரலில் பேசுவது அவசியம். சரியான குளிர், எல்லாம் பிரெஞ்சு, கார் விட இடமில்லை, பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். தவறியும் பேகலைப் பற்றி வாய் திறக்காதீர்கள். ரொறொன்ரோ ஆறு மணி நேர ஓட்டம்தான். அவர்களிடம் இரண்டு வேன் இருக்கிறது.