கவனம் கலையும்!

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். "மாணவிகள் விஞ்ஞானிகளாக வேண்டும்" என்று மேடையில் வரிசையாக ஆண்கள் முழங்குவார்கள். வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் ஏந்தி நிற்பவர்கள் பிளஸ் டூ பயாலஜி மாணவிகள். பன்னீர் தெளிப்பதும் ஒருவகை பிராக்டிகல்தானே!

அந்த நாளே சி.வி. ராமனின் கண்டுபிடிப்பைக் கொண்டாடத்தான். 1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர வந்த கமலா பாகவத்தை, பெண் என்பதாலேயே வேண்டாமென்றவரும் அதே ராமன்தான். கமலா விடவில்லை. கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு சோதனைக் காலம். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. கவனம் கலைவது பையன்களுக்கு, பத்தியம் பெண்ணுக்கு. நல்ல வைத்தியம்!

ஓராண்டில் ராமனுக்குத் திருப்தி. பிறகு மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். பின்னாளில் பதநீரின் சத்தை ஆராய்ந்தார்.

பேச்சுப்போட்டி நடத்தும் ஆசிரியப் பெருமக்களே, ராமனைப் பற்றிப் பேசும் மாணவி இதையும் இரண்டு நிமிடம் பேசினால், தயவுசெய்து மணியடித்து உட்கார வைக்காதீர்கள்.