பத்து லட்சத்துக்கு 3.4 பிழை

பெங்களூரில் ஏதாவதொரு நட்சத்திர ஓட்டலின் கருத்தரங்கு அறையை எட்டிப் பாருங்கள். லீன், சிக்ஸ் சிக்மா, டிபிஎம் என்ற ஆலை நிர்வாக முறைகள் மூன்றும் ஒரே பந்தியில் பரிமாறப்படும். தனித்தனியாகச் சாப்பிட்டால் செரிக்காதாம். பிசைந்து உருட்டி விழுங்கினால் ஆலைக்குச் சாகாவரமாம். பிசைந்து தருகிறவர் 'பிளாக் பெல்ட்'. கராத்தே தெரியாது, பவர்பாயிண்ட் தெரியும்.

சிக்ஸ் சிக்மா என்றால் பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 பிழை. இந்த நுட்பம் கொழிக்கும் ஊரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் கொஞ்சதூரம் வந்தால் கோலார் மாவட்டத்து நரசாபுரா. அங்கே ஐபோன் செய்த தைவான் கம்பெனி விஸ்ட்ரானின் ஆலையில், 2020 டிசம்பர் 12 காலை, தொழிலாளர்கள் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். காரணம் சம்பளம். குறுகிய காலத்தில் ஆட்களை 5,000-லிருந்து 10,500 ஆக்கினார்கள். 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு மாறினார்கள். வருகைப்பதிவு குளறியது, இரண்டு மாதம் யாரும் சரிசெய்யவில்லை. சொன்னது தொழிற்சாலைத் துறையின் அறிக்கை. மயிரிழை பிசகாமல் திருகாணி முடுக்கத் தெரிந்த ஆலைக்கு, ஒரு பெண் எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள் என்று எண்ணத் தெரியவில்லை!

உடைந்த கண்ணாடியை மட்டும் உடனே எண்ணினார்கள். போலீஸ் புகாரில் நஷ்டம் 437 கோடி ரூபாய். தைவான் பங்குச் சந்தைக்குச் சொன்னபோது அதுவே 26 முதல் 52 கோடிக்குள் சுருங்கிவிட்டது. ஏற்ற இறக்கத்தை ஒழிப்பதுதான் சிக்ஸ் சிக்மாவின் உயிர் என்பார் நம் பிளாக் பெல்ட்.

டொயோட்டாக்காரர்கள் ஒழிக்கச் சொன்னவை மூன்று: முடா, முரா, முரி. வீண், சீரின்மை, தாங்கமுடியாத சுமை. இங்கே இறங்கியது முடா மட்டும். டீ குடித்தால் வீண், கழிப்பறைக்குப் போனால் வீண். முரி கப்பலிலேயே தங்கிவிட்டது. முரிதல் என்றால் தமிழிலும் ஒடிதல்தான். யாருடைய முதுகு என்று சொல்ல அகராதி வேண்டாம். டொயோட்டா முறையில் தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். நரசாபுராவில் இழுக்கக் கயிறு இல்லை. கல் இருந்தது.

நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கைதானார்கள். சிலருக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு துணைத் தலைவரை நீக்கியது. மன்னிப்புக் கேட்டவர் யாரும் லாக்கப் பார்க்கவில்லை.

தன் துறை எழுதியதைக் கர்நாடக அரசும் படித்திருக்கும்போல. 2023 பிப்ரவரியில் சட்டசபை தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது: தொழிலாளி எழுதிக்கொடுத்துச் சம்மதித்தால், நாளுக்கு 9 மணி என்ற வரம்பு 12 வரை நீளலாம். ஒப்பந்தத் தொழிலாளி சம்மதிக்காமல் எங்கே போவார்? இனி 12 மணி ஷிஃப்ட் ஒரு குறையே இல்லை.

பிழை பூஜ்யம்.