ஊக்கப்படுத்தும் விழாவுக்கு அனைவரும் வருக!

மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எழுத வைக்க என்னென்ன வேண்டும்? ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று. பொன்னாடை ஆறு. மைக் செட். பிரமுகருக்குக் குஷன் நாற்காலி, பிள்ளைகளுக்குத் தரை. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவதற்கென்றே ஒரு சிறப்பு விருந்தினர். படம் எடுத்து உடனே குழுவில் போட ஒரு செல்போன். இவ்வளவும் முடிந்து நேரம் மிச்சமிருந்தால், ஒரு பென்சில்.

பேனரில் பிரமுகர் ஆளுயரத்தில் கும்பிட்டபடி நிற்பார். 'மாணவர் எழுத்தாற்றலை ஊக்குவிக்கும் விழா' என்று அச்சடித்த வரிக்குக் கீழே இரண்டு எழுத்துப் பிழை இருக்கும். அதை யாரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார்கள். சிவப்பு மை பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுவோம். ஊக்கம் இல்லை என்று யார் சொன்னது? எட்டு வயதுப் பிள்ளைக்கா ஊக்கம் இல்லை? சாக்பீஸ் துண்டு கிடைத்தால் தெருச் சுவர் முழுக்க எழுதுகிறது. பேருந்தின் கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் பெயரைக் கிறுக்குகிறது. ராத்திரி பார்த்த பாம்பைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் சொல்கிறது. பள்ளிக்கூடம் வரும்போது ஊக்கத்தோடுதான் வருகிறது. உள்ளே வந்த பிறகு நாம் அதைப் பறிமுதல் செய்கிறோம். பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு திட்டம் போடுகிறோம். திட்டத்துக்கு நிதி ஒதுக்குகிறோம். நிதிக்கு விழா எடுக்கிறோம்.

கட்டுரைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு மேலிடத்திலிருந்து வரும். 'மழைநீர் சேகரிப்பு.' 'நெகிழி ஒழிப்போம்.' 'எனக்குப் பிடித்த தலைவர்.' முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சட்டகம் தயார். ஆசிரியர் எழுதித் தருவார். பிள்ளை மனப்பாடம் செய்யும். போட்டியன்று அதைக் கையால் ஒப்பிக்கும். எல்லாக் கட்டுரையும் 'காப்போம்', 'போற்றுவோம்' என்று ஆச்சரியக்குறியோடு முடியும். இருபது பிள்ளைகளுக்கும் ஒரே தலைவரைத்தான் பிடிக்கும். ஒரே மூன்று காரணங்களுக்காகப் பிடிக்கும். இதில் கையெழுத்து அழகாக இருப்பவருக்கு முதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். நெகிழி ஒழிப்புக் கட்டுரைக்கும் அதே பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்தான்.

அண்மையில் ஒரு கட்டுரை நோட்டைப் புரட்டினேன். ஊர் பேர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம். தலைப்பு 'என் வீடு'. முதல் மூன்று வரி கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியது: என் வீடு அழகானது. என் வீட்டில் நான்கு அறைகள் உள்ளன. வீட்டைச் சுற்றித் தோட்டம் உள்ளது. அந்த வகுப்பில் எல்லா நோட்டிலும் இதே நான்கு அறைகள். அந்தத் தெருவில் இருப்பவையோ ஒற்றை அறைத் தொகுப்பு வீடுகள். நான்காவது வரியைப் பிள்ளை தானாகச் சேர்த்திருந்தது: 'மல பேஞ்சா எங்க வீட்ல ஒலுகும் நானும் தம்பியும் கட்டலுக்கு அடில படுப்போம் சாலியா இருக்கும்.'

முதல் மூன்று வரிக்கும் சரி போட்டிருந்தது. நான்காவது வரியில் ஏழு சுழி. ஓரத்தில் 'பிழை நீக்கி ஐந்து முறை எழுதுக'. மூன்று பொய்க்கு மூன்று சரி; ஒரு உண்மைக்கு ஏழு தப்பு. அந்த நோட்டிலேயே எழுத்தென்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான். திருத்தினார்கள், படிக்கவில்லை. இனி அந்தப் பிள்ளை தன் வீட்டில் நான்கு அறைகள் உள்ளன என்றே எழுதும். பிழையே இருக்காது. பரிசுகூட வாங்கும்.

ஆசிரியரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அது சுலபம், அதனால்தான் எல்லோரும் செய்கிறோம். அவர் நிலைமையைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவருக்கு ஐந்து வகுப்பும், சத்துணவும், எமிஸ் என்ற இணையதளப் பதிவும். வருகைப் பதிவு ஏற்ற வேண்டும். விலையில்லாப் பொருள் கணக்கு ஏற்ற வேண்டும். விழாப் படம் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காவிட்டால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். ஆசிரியர்களைக் கல்வி சாராப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விலக்கு. நம் அதிகாரிகள் சட்டத்தை மீறவே இல்லை. பிள்ளையைப் பற்றிய படிவத்தை நிரப்புவதும் கல்விப் பணி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பாடம் நடத்துவதுதான் இப்போது விலக்கில் வருகிறது.

பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் போனது. கற்றல் ஏணி, அட்டை, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரின் அடியில் கரும்பலகை. நல்ல ஏற்பாடு. அந்தப் பலகையில் இன்று எத்தனை பள்ளியில் பிள்ளையின் கை படுகிறது என்று போய்ப் பாருங்கள். 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிப்பார்கள் என்றார்கள். 2025 வந்தது, போனது. நடுவில் வாசிப்பு இயக்கமும் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். இந்தப் பெயர்களை எல்லாம் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. பள்ளிக்கல்வித் துறையில் படைப்பெழுத்து இரண்டு இடத்தில் செழிப்பாக நடக்கிறது: திட்டத்துக்குப் பெயர் சூட்டும் அறையில், அறிக்கை நிரப்பும் படிவத்தில்.

நுழை, நட, ஓடு, பற. அழகான சின்னச் சின்னப் புத்தகங்கள். எழுதியவர்கள் மீது குறையே இல்லை. ஆனால் பல பள்ளிகளில் அவை இரும்புப் பீரோவுக்குள் நுழைந்தன. நடக்கவில்லை. ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்பார்கள். கிழிந்தால் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தலைமை ஆசிரியர் கைக்காசைப் போட வேண்டும். ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்காத பள்ளிக்குத் தணிக்கைத் தடை கிடையாது. படித்துக் கிழித்த பள்ளிக்கு விளக்கக் கடிதம். ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அது திறந்திருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

1920-களில் பிரான்சின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் செலஸ்டின் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டு நுரையீரல் கெட்டவர். உரக்கப் பாடம் நடத்த மூச்சு போதாது. பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போனார். பார்த்ததைப் பேசச் சொன்னார், எழுதச் சொன்னார். ஒரு சின்ன அச்சுப்பொறி வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து, அச்சடித்து, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. பேனர் இல்லை, பொன்னாடை இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை. எழுதியதை யாரோ படித்தார்கள், அவ்வளவுதான். நூறு வருடம் ஆகிறது. நம்மிடம் அச்சுப்பொறிகூட வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் மெஷின் போதும். அதுவும் சுற்றறிக்கை எடுக்கவே நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் மேலே வேறொரு சண்டை. இரண்டு மொழியா, மூன்று மொழியா? மும்மொழியை வலியுறுத்தும் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது டெல்லி. பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுவதற்குத் தேசியக் கல்விக் கொள்கை என்று பெயர். சென்னைக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் 2022 ஏசர் ஆய்வில் தமிழகக் கிராமப்புறங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார். அதற்கு இவ்வளவு கோபம் வரவில்லை. மூன்றாவது மொழி வேண்டுமா என்று மேடையில் மல்லுக்கட்டுகிறார்கள். முதல் மொழியில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் இல்லை. அதைப் பற்றி மேடை போட்டால் கூட்டம் சேராது.

அரசுப் பள்ளிதானே, நம் பிள்ளை இங்கிலீஷ் மீடியம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் இருங்கள். உங்களுக்கும் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சூரியக் குடும்பம் ப்ராஜெக்ட். தெர்மாகோல், ஸ்கெட்ச் பேனா, மினுமினுப்புத் தாள், மொத்தம் ஐந்நூறு ரூபாய். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா ஃபெவிகால் கையோடு சனி வளையம் ஒட்டுகிறார். அம்மா நான்கு வரி எழுதுகிறார். பிள்ளை தூங்குகிறது. மறுநாள் 'படைப்பாற்றல் மிக்க மாணவர்' என்று சான்றிதழ் வருகிறது. அதை நாமே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். கட்டணம் கட்டியவரே வீட்டுப்பாடமும் எழுதி, பெருமையும் படுகிற இந்த வசதி அரசுப் பள்ளியில் கிடையாது.

இத்தனை பேர் கூடிப் பிள்ளையை ஊக்கப்படுத்துகிறோம். படம் எடுக்கிறோம், சுழிக்கிறோம், பதிவேற்றுகிறோம், பாராட்டுகிறோம். அது எழுதியதை மட்டும் ஒருவரும் படிப்பதில்லை. ஊக்கம் என்பது வெளியிலிருந்து ஊற்றுகிற சரக்கு என்று நினைத்திருக்கிறோம். எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்க ஒரு ஆள் போதும். இதற்கு டெண்டர் தேவையில்லை. அதனால்தான் இது எந்தத் திட்டத்திலும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலி நமக்காகத்தான் கிடக்கிறது. பிஸ்கட் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கல்ல. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தினமும் அரை மணி நேரம் படம் எடுக்காமல், சிவப்பு மை தொடாமல், பிள்ளைகள் தங்கள் சொந்த வாக்கியத்தை எழுதுவதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கிழிகிற புத்தகத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் பணம் பிடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள். அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் கொண்டுவந்தால், பேனர் காசுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.