குசினியைப் பத்தடி நீட்டுவது எப்படி?

வீடு திருத்தச் சொல்லித்தரும் கட்டுரைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. "முதலில் உங்கள் வீட்டை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பாருங்கள்." கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய காணொளியும் அதைத்தான் சொன்னது. சுற்றிப் பார்த்தேன். நாற்பது செக்கனில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன். வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடு 550 சதுர அடி. நிதானத்துக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஆட்களுக்கு உதவும் என்று, ஒரு குசினியைப் பத்தடி பின்னுக்கு நீட்ட நான் பட்ட பாட்டிலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது படி: உங்கள் வீடு எந்த நாட்டு வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிரிக்க வேண்டாம். மேசன் வந்து வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்பது இதைத்தான்: "இந்தியன் வீடோ, ஐரோப்பியன் வீடோ, சுவிஸ் வீடோ?" கேட்டுவிட்டுச் சுவரை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோல. எங்களுடையது இந்தியன். 2012 ஒக்ரோபர் 2, காந்தி பிறந்தநாளன்று தொடக்கிவைத்த பெரிய திட்டத்தில் வந்தது. குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். அத்திவாரம் எழும்பினால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை என்று காசு வங்கிக்கு வரும். வீட்டை நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். முறை நல்ல முறைதான். ஐந்தரை இலட்சத்தில் வீடு முடியாது என்பது ஒன்றுதான் குறை. மிச்சத்துக்கு அடைவு வைத்த சங்கிலியை எங்கள் வீட்டில் யாரும் அதற்குப் பிறகு கண்டதில்லை.

இன்னொரு வகை வீட்டையும் சொல்ல வேண்டும். 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் வரப்போவதாக ஒரே பேச்சு. ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று ஊரும் பொறியியலாளர்களும் கணக்குக் காட்ட, எதிர்ப்பு எழும்பி, 65,000 வராமலே போனது. வந்திருந்தால் இந்த வழிகாட்டியில் மேசன் வரும் இடமெல்லாம் வெல்டிங்காரர் வந்திருப்பார்.

உங்கள் வீடு 2018, 2019 மாதிரிக் கிராமத்து வீடு என்றால் நிலைமை வேறு. ஆட்சி மாற, மிச்சத் தவணை வராமல் நிலைமட்டத்தோடு நின்ற சுவர்கள் பல ஊர்களில் இன்னமும் நிற்கின்றன. கூரை இல்லாததைத் திருத்த முடியாது. நீங்கள் வேறு கட்டுரை பார்க்கவும்.

இரண்டாம் படிக்குப் போகலாமென்று பார்த்தால், முதலாம் படிக்கு முந்தின படி ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்: காணி யாருடையது?

உங்களுடையது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பங்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அந்தப் பத்திரத்தில் இருப்பது தாத்தாவின் பெயர். தாத்தா பின்னுரித்தாளராக எழுதிவைத்தது மூத்த மாமாவை. மாமா இருப்பது பிரான்சில். பத்திரம் இருந்தது ஒரு பச்சைப் பெட்டியில்; பெட்டி கடைசியாகக் காணப்பட்டது மாத்தளனில். இத்தனையையும் காணிப்பகுதி மேசையில் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணாடியின் முன் நின்று பழகலாம். "பிரதி இருக்கோ?" என்று கேட்பார்கள். "நடமாடும் சேவைக்கு வாங்கோ" என்பார்கள். நடமாடும் சேவை என்பது அலுவலகம் உங்களைத் தேடி வருவது. அன்றைக்கும் நீங்கள்தான் வெயிலில் வரிசையில் நிற்பீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அஸ்வெசுமவுக்கோ வேறெந்த உதவிக்கோ பதிவு நடக்கிற காலத்தில் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்காதீர்கள். வருகிறவர்கள் வீட்டின் நிலையையும் பார்ப்பார்கள். உள்ளுக்கு ரைல்ஸ் பதித்தாலும் முகப்பைப் பூசாமல் விட்டுவைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அழகுணர்ச்சி இல்லாததாலல்ல, அனுபவம் இருப்பதால்.

இப்போது இரண்டாம் படி. இல்லை, மன்னிக்கவும். காணிப் படிக்கும் முந்தின படி ஒன்று இருக்கிறது. உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டிலுள்ள வயதானவரிடம் போய்ப் பங்கர் எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. 2016இல் குசினிக்குப் பின்னால் ஒரு பத்தி இறக்கி, சீமெந்துத் தரை போட்டு, நல்ல வழுவழுப்பாக இழைத்தும் விட்டோம். அந்த ஐப்பசி மழைக்குத் தரை வெடித்தது. முதலில் ஒரு கோடு. பிறகு அதற்குச் சமாந்தரமாக இன்னொன்று. கார்த்திகையில் இரண்டும் ஒரே இடத்தில் மூலை திரும்பின. மார்கழியில் கோடுகளுக்கு நடுவிலிருந்த தரை நாலு விரற்கடை கீழே போய்விட்டது. மேசன் சீமெந்தைக் குறை சொன்னார், நான் மேசனைக் குறை சொன்னேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

"இது எங்கட எல் பங்கரெல்லோ" என்றார். "அப்பா 2006இலை வெட்டினவர். இந்த மூலையிலைதான் நீ வாந்தியெடுத்தனி."

ஆனா எழுதிப் பழகின கை எழுதினதுபோல அவ்வளவு திருத்தமாக ஓர் 'எல்' குசினித் தரையில் கிடந்தது. கிபிர் விமானம் குண்டு போட்டால் சிதறல் நேராகப் பாயாமல் இருக்கத்தான் பங்கரை மூலை திருப்பி வெட்டுவார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது பாம்புக்கும் பிள்ளைகளுக்கும் பயந்து, உடைந்த ஓடு, கரிந்த மரக்குற்றி, வேலியோரத்து மண் எல்லாவற்றையும் கொட்டி அதை மூடினோம். மூடிய இடத்தில் புல்லும் முளைத்தது. இப்படி மூடின மண் இறுகுவதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்று எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் இருக்காது. எங்கள் கணக்கு: ஆறு வருடம் காணாது.

ஆகவே தோண்டிப் பார்த்து, கழிவை வெளியே எடுத்து, கிறவல் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்த பிறகுதான் அத்திவாரம். தோண்டும்போது அலவாங்கு எதிலாவது 'ணங்' என்று முட்டினால் இரண்டாம் தரம் குத்த வேண்டாம். கண்ணிவெடி அகற்றினவர்கள் காணியைத் துப்புரவாக்கித் தந்தது குறித்த ஆழம் வரைக்கும்தான். வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அதேவேளை அளவுக்கு மிஞ்சி ஆழமாகவும் தோண்ட வேண்டாம். ஊருக்குச் சந்தேகம் வரும். புதைத்த தங்கம் தேடுகிறோம் என்று நீதிமன்ற அனுமதியோடு, பொலிஸ் பார்த்து நிற்க, பெக்கோ இயந்திரம் விட்டுக் கிண்டிய இடங்கள் முல்லைத்தீவில் எத்தனையோ. அந்தச் செய்திகளின் கடைசி வரி எனக்குப் பாடம்: எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் குசினி அத்திவாரத்துக்கு அப்படியொரு புகழ் தேவையில்லை.

சரி. நிலம் உறுதி, காணி ஏறக்குறைய உறுதி. சாமான் சேர்க்கலாம்.

சீமெந்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021இல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்த பை, அடுத்த வருடம் மூவாயிரத்தை எட்டிப் பிடித்ததை எல்லோரும் கண்டோம். அப்போது கற்றுக்கொண்ட பாடம் ஒன்று. காசை வைத்திருந்தால் பெறுமதி போகும், சீமெந்தைப் பையாக வைத்திருந்தால் ஈரத்தில் இறுகிப்போகும். ஆகவே கையில் நாலு காசு சேரும்போதெல்லாம் கல்லாக அரிந்து வேலியோரம் அடுக்கிவிடுங்கள். வன்னியில் எந்த வளவிலும் பாசி படிந்த கல்லடுக்கு ஒன்று நிற்கும். அதைக் குப்பை என்று நினைக்கிறவர் வெளியூர்க்காரர். அது சேமிப்புக் கணக்கு. வட்டி கிடையாது, பாம்பு உண்டு.

மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியுள்ள மணல் கேட்டால், "இப்ப இல்லை அண்ணை" என்பார்கள். பகலில் ஆற்றில் மணலே இல்லாததுபோல இருக்கும். இரவு ஒரு மணிக்கு ரிப்பர்கள் வரிசையாகப் போகிற அதிர்வில் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். ஒரு கியூப் என்பது நூறு கன அடி; ரிப்பர்க்கார அண்ணையின் கியூப் கொஞ்சம் மெலிந்தது. அளந்து பார்க்கலாம். அளந்தால் அடுத்த லோட் வராது.

மரத்துக்கு முதிரை, பாலை என்று ஆசைப்படுங்கள், ஆசைக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வளவிலேயே நின்ற வேம்பை விழுத்தி நிலைக்கு எடுக்கலாம் என்று மாமா சொன்னார். மரத்தை ஆலைக்குக் கொண்டுபோனதும் ஆலைக்காரர் கேட்டது, எந்த ஊர் மரம் என்று. ஊரைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே செல் துண்டு கிடக்கும்; வாள் பட்டால் வாளின் பல் போகும், பல் தெறித்தால் வாள் பிடிக்கிறவர் போவார். முகம் பார்த்து உறவு சொல்கிற ஊரில், ஊர் கேட்டு மரத்தை ஒதுக்குகிறார்கள். அந்த வேம்பு இப்போது கிணற்றடியில் கிடக்கிறது. உடுப்புத் தோய்க்க நல்ல இருக்கை.

ஆட்களைப் பிடிப்பது பற்றி. மேசனை நாட்கூலிக்குப் பிடித்தால் வேலை முடியாது, கொந்தராத்துக்குக் கொடுத்தால் வேலை நிற்காது. உங்களுக்கு எது தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசனுக்குச் சாந்து குழைத்துக் கொடுக்கும் ஆளை எங்கள் ஊரில் முட்டாள் என்போம். அது வசையல்ல, தொழிற்பெயர். ஒரு மேசனும் இரண்டு முட்டாளும் என்று பேசிக்கொண்டு வருவார்கள். வேலை தொடங்கினதும் ஒரு முட்டாள்தான் வருவார். மற்றவர் யாரென்று நான் மூன்றாம் நாள் பத்துமணித் தேத்தண்ணியும் வாய்ப்பனும் சுமந்துகொண்டு நடந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் கருத்தைக் கேட்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். நீங்கள் கேட்கத் தேவையில்லை. வட்சப் குழு ஒன்று தானாக உருவாகும். எங்கள் குழுவின் பெயர் 'நம்ம வீடு'. குசினியைப் பத்தடி நீட்ட ஐந்து நாடுகளில் பதினொரு பேர். லண்டன் அக்கா நாலு வருடத்துக்கு ஒருமுறை மூன்று கிழமைக்கு வருவார். அந்த மூன்று கிழமைக்காக அறையோடு சேர்ந்த பாத்றூமும் கொமட்டும் வேண்டும் என்றார். பிரான்ஸ் மாமா பழைய நினைப்பில் முன்னால் ஒரு திண்ணை கேட்டார். சுவிசில் பிறந்த மருமகன் வரைபடமொன்று அனுப்பினான். அழகான வரைபடம், அதில் கிணறு வீட்டுக்குள் இருந்தது. சாத்திரியார் வாசலை வடக்கே திருப்பச் சொன்னார். கொடுக்கிறவர்களுக்குச் சொல்லவும் உரிமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் அனுப்பும்போது கோணத்தைக் கவனியுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அனுப்பிய படத்தில் பழைய அடுப்படிப் புகையும் அம்மாவும் சேர்ந்து விழுந்துவிட்டார்கள். அன்றிரவே ஐம்பதாயிரம் வந்தது. அதை உத்தியாக நான் பரிந்துரைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காலம்: ஆடியில் தொடங்க விடமாட்டார்கள், ஐப்பசிக்குப் பிறகு மழை விடாது. தரையை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு, 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த இரவு தண்ணீர் உங்கள் சுவரில் விட்டுப்போன கறையைப் பாருங்கள். அதற்குமேல் ஓரடி. பிறகு ஒழுங்கைக்குக் காப்பெற் போடுவார்கள் என்பதற்காக இன்னும் ஓரடி. ஒவ்வொருமுறை வீதி திருத்தும்போதும் வீதி எழும்புகிறது, வீடு தாழ்கிறது.

கடைசியாகக் கூரை. மேலே பிளேற் அடித்துவிட்டால் பிறகு மாடியும் எழுப்பலாம் என்பது கனடா அண்ணாவின் கட்சி. ஓடு குளிர்ச்சி, ஆனால் குரங்குப் படை ஒரு காலையில் முப்பது ஓட்டை உடைத்துவிட்டுப் போகும். கிளிநொச்சியில் ஓடு போடுகிறவர் குரங்குக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தகரம் மத்தியானத்தில் அடுப்பு. நிறம் பூசின சீற் விலை கூட, பார்வைக்கு நல்லது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் இரண்டு பக்கத்துக்குக் கோடு போட்டு எழுதி, மேசன் அண்ணையையும் அம்மாவையும் இருத்திவைத்து வாசித்தேன். அம்மா விலையைக் கேட்கவில்லை, வெக்கையைக் கேட்கவில்லை.

"கழட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

முட்டாளாக வந்த பொடியனுக்கு விளங்கவில்லை. இருபது வயதுதான் இருக்கும். "ஏனம்மா கழட்டுறியள், இப்பதானே போடப்போறம்" என்று சிரித்தான். மேசன் அண்ணை சிரிக்கவில்லை. 2008இல் அவரும் தன் வீட்டுக் கூரையைக் கழற்றி ரக்ரர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் பூட்டிப் பூட்டிக் கழற்றினவர். முகட்டை நிமிர்ந்து பார்த்தார். விரலை மடித்து எண்ணினார்.

"ஓடெண்டால் இரண்டு நாள் அம்மா. பிளேற்றை ஒண்டும் செய்யேலாது, விட்டிட்டுத்தான் போகவேணும். சீற்றெண்டால், ஆணி அடிக்காமல் திருகாணி போட்டுவிட்டால், இரண்டு பேர் நிண்டு ஒரு மணித்தியாலம்."

"அப்ப திருகாணியையே போடுங்கோ" என்றார் அம்மா.